கணினிக் கடையிலும் வீட்டு ரவுட்டரிலும் எதிர்ப்படும் சுருக்கங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஒரு மடிக்கணினியைக் காட்டி விசாரித்தால், பதிலில் விலையைத் தவிர மற்றதெல்லாம் சுருக்க எழுத்துகளாகவே வரும். வீட்டில் இணையம் நின்றுபோய்ச் சேவை நிலையத்துக்கு அழைத்தாலும் அதே கதைதான். கொழும்பில் வீடுகளிலும் சிறு கடைகளிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். அகரவரிசை பார்க்கவில்லை. கடையில் தொடங்கி, வீட்டுச் சுவரில் மாட்டிய பெட்டிக்கு வந்து, அங்கிருந்து வெளியுலகுக்குப் போகிறது. ஆங்கில எழுத்துகளை இலங்கை வழக்கப்படி ‘ரி’ (T) வேறு, ‘டி’ (D) வேறு என்று பிரித்தே எழுதியிருக்கிறேன்.

முழு வடிவங்களை மனப்பாடம் செய்ய வேண்டுமா?

சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் எடுக்கும் பிள்ளை என்றால் செய்யத்தான் வேண்டும், புள்ளி கிடைக்கும். மற்றவர்களுக்குத் தேவையில்லை. டி.எச்.சி.பி. என்பதை ‘டைனமிக் ஹோஸ்ட் கொன்ஃபிகரேஷன் புரோட்டோகோல்’ என்று பிசகாமல் ஒப்புவிக்கிறவர்கூட, அது பழுதானால் என்ன நடக்கும் என்று தெரியாவிட்டால் ரவுட்டரை அணைத்துப் போட்டுப் பார்ப்பதோடு நின்றுவிடுவார். ஒரு சுருக்கத்தைப் பற்றி அறிய வேண்டியவை இரண்டுதான்: அது எந்த இடத்தில் வேலை செய்கிறது? அது நின்றால் கூடவே எது நிற்கும்?

“எட்டு ஜி.பி. ரேம், 512 எஸ்.எஸ்.டி.” என்கிறார் கடைக்காரர். எதைப் பார்த்து வாங்குவது?

ரேம் என்பது கணினி வேலை செய்துகொண்டிருக்கும்போது மட்டும் பயன்படும் நினைவகம். மின்சாரம் போனால் அதில் இருந்ததும் போய்விடும். எஸ்.எஸ்.டி. உங்கள் படங்களும் கடிதங்களும் நிரந்தரமாகத் தங்கும் இடம். அதன் பழைய வடிவம் எச்.டி.டி.; உள்ளே தட்டுச் சுழலும். இரண்டையும் ‘மெமரி’ என்று ஒரே பெயரில் அழைப்பதால்தான் பாதிக் குழப்பம். கணினி மெதுவாக இருக்கிறது என்று படங்களை அழித்துக்கொண்டிருப்பவர்களில் பலருக்கு உண்மையில் போதாமல் இருப்பது ரேம்.

ரேமுக்குப் பின்னால் வரும் டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என்ற எண்களைக் கவனியுங்கள். மேசைக் கணினிக்கான இரண்டு வகைப் பலகைகளிலும் 288 ஊசித் தொடுப்புகள்தான் இருக்கும். பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருக்கும், மின்னமைப்பும் வேறு. ஒன்றின் இடத்தில் மற்றது ஏறாது. மடிக்கணினி வாங்குவதானால், ரேமைப் பின்னால் கூட்ட முடியுமா, பலகையோடு பற்றவைத்து விட்டார்களா என்று கேளுங்கள். மெலிந்த மடிக்கணினிகள் பலவற்றில் கூட்ட வழியில்லை.

எஸ்.எஸ்.டி.யிலும் இரண்டு சாதி உண்டு. சாட்டா வகை நொடிக்குச் சுமார் 550 மெகாபைட் வரை போகும். என்.வி.எம்.இ. வகை 3,000ஐச் சாதாரணமாகத் தாண்டும். கடைக்காரர் இந்த இரண்டாவது எண்ணைத்தான் அழுத்திச் சொல்வார். சுழலும் வன்தட்டிலிருந்து எந்த எஸ்.எஸ்.டி.க்கு மாறினாலும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும், சாட்டாவிலிருந்து என்.வி.எம்.இ.க்கு மாறினால் கடிதம் தட்டச்சுச் செய்கிறவருக்கு ஒன்றுமே தெரியாது. காணொளி தொகுப்பவர் மட்டும் அந்த மேலதிகப் பணத்தைக் கொடுக்கலாம். ‘எம்.2’ என்பது பொருத்தும் இடத்தின் வடிவத்துக்குரிய பெயர், வேகத்தின் பெயர் அல்ல. எம்.2 வடிவத்தில் சாட்டாவும் வரும். பழைய கணினிக்கு வாங்கிப் போவதற்கு முன் அதன் மாதிரி எண்ணை வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. மேசைக்கு அடியிலுள்ள பெட்டி முழுவதையும் ‘சி.பி.யூ.’ என்பது நம் ஊர்ப் பழக்கம். சி.பி.யூ. என்பது அதற்குள் விசிறிக்குக் கீழே இருக்கும் ஒரு சில்லு மாத்திரம். பழுதுபார்ப்பவரிடம் “சி.பி.யூ. போய்விட்டது” என்று தொலைபேசியில் சொன்னால், அவர் சொல்லும் விலை உங்களைத் தூக்கிவாரிப் போடலாம்.

கைத்தொலைபேசிப் பெட்டியில் “128 ஜி.பி. ரோம்” என்று இருக்கிறதே?

பிழையான சொல், ஆனால் நிலைத்துவிட்டது. ரோம் என்றால் வாசிக்க மட்டுமே முடியும் நினைவகம். நீங்கள் நாளெல்லாம் படம் பிடித்துச் சேமிக்கும் இடம் எப்படி ‘வாசிக்க மட்டும்’ ஆகும்? சேமிப்பிடம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அதில் ஒரு பங்கை இயங்குதளமே எடுத்துக்கொள்ளும்.

ஒரு ரி.பி. வன்தட்டு வாங்கினேன். கணினி 931 ஜி.பி. என்கிறது. ஏமாற்றப்பட்டேனா?

இல்லை. தயாரிப்பாளர் ஒரு ரி.பி. என்பதை இலட்சம் கோடி பைட் என்று கணக்கிடுகிறார். விண்டோஸ் 1024ஆல் திரும்பத் திரும்பப் பிரித்துப் பார்க்கிறது. அதனால் 931 வருகிறது. இந்த இரண்டு கணக்கையும் பிரித்துக் காட்டுவதற்காக 1998இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் கிபிபைட், மெபிபைட், ஜிபிபைட் என்று தனிப் பெயர்களை வகுத்தது. கடைகள் அவற்றைக் கண்டுகொள்ளவே இல்லை.

100 எம்.பி.பி.எஸ். இணைப்புக்குப் பணம் கட்டுகிறேன். பதிவிறக்கம் 12க்கு மேல் ஏறுவதில்லையே?

அதுவே சரியான வேகம். இணைப்பின் வேகத்தைப் பிட்டில் சொல்கிறார்கள், கோப்பின் அளவைப் பைட்டில் சொல்கிறார்கள். எட்டுப் பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே 100 மெகாபிட் என்பது நொடிக்கு 12.5 மெகாபைட். ஆங்கிலத்தில் எழுதும்போது பிட்டுக்குச் சிறிய எழுத்தும் பைட்டுக்குப் பெரிய எழுத்தும் போடுவார்கள். விளம்பரத் தட்டியில் அந்த வேறுபாட்டை யார் பார்க்கிறார்கள்? 700 மெகாபைட் படம் ஒன்று 20 மெகாபிட் இணைப்பில் இறங்க ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக எடுக்கும் என்று கணக்குப் போடத் தெரிந்தால் போதும்.

‘வரம்பற்ற’ பொதிகளின் அடியில் எஃப்.யூ.பி. என்று சிறிதாக எழுதியிருக்கும். நியாயமான பாவனைக் கொள்கை என்று பொருள். குறிப்பிட்ட அளவு தாண்டியதும் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். எத்தனை ஜி.பி.க்குப் பிறகு எவ்வளவாகக் குறையும் என்ற இரண்டு எண்களையும் கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

வைஃபை எதன் சுருக்கம்?

எதன் சுருக்கமும் அல்ல. 1999இல் ஒரு விளம்பர நிறுவனம் உருவாக்கிக் கொடுத்த வணிகப் பெயர் அது. ‘வயர்லெஸ் ஃபிடெலிட்டி’ என்ற விரிவு பிறகு ஒட்டவைக்கப்பட்டது. உள்ளேயிருக்கும் தரத்தின் பெயர் 802.11, முதல் வடிவம் 1997இல் வந்தது. இப்போது வைஃபை 5, வைஃபை 6 என்று எண் போடுகிறார்கள்.

உங்களுக்கு உதவும் சுருக்கங்கள் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இருக்கின்றன. எஸ்.எஸ்.ஐ.டி. என்பது உங்கள் வைஃபையின் பெயர். வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் தொலைபேசியைத் திறந்தால் முப்பது பெயர் வரிசையாக வரும். அவ்வளவும் ஒரே காற்றில்தான் போட்டி போடுகின்றன. 2.4 கிகாஹேர்ட்ஸ் சுவரை நன்றாகக் கடக்கும், ஆனால் நெரிசல் அதிகம். 5 கிகாஹேர்ட்ஸ் அடுத்த அறையைத் தாண்டினால் தளரும், ஆனால் வேகம் உண்டு. தொடர்மாடியில் இருப்பவர்கள் ரவுட்டருக்கு அருகில் எப்போதும் 5ஐயே பயன்படுத்துங்கள்.

பாதுகாப்பு என்ற இடத்தில் டபிள்யூ.இ.பி. என்று இருந்தால் அது எப்போதோ உடைக்கப்பட்ட பூட்டு. டபிள்யூ.பி.ஏ.2 அல்லது டபிள்யூ.பி.ஏ.3 இருக்க வேண்டும். டபிள்யூ.பி.எஸ். என்ற வசதியை அணைத்துவிடுங்கள். எட்டு இலக்க எண்ணைக் கொண்டு கடவுச்சொல் இல்லாமலே இணைய அது வழி விடுகிறது. அந்த எண்ணைச் சில மணி நேரத்தில் கண்டுபிடிக்கலாம் என்பது 2011இலேயே வெளிப்பட்டுவிட்டது.

சுவர்ப் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்ற சிவப்பு விளக்கு மினுங்குகிறது. ரவுட்டரை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். எல்.ஓ.எஸ். என்றால் சமிக்ஞை வரவில்லை என்று பொருள். ஒளியிழை வழியாக வர வேண்டிய ஒளி பெட்டிக்கு வந்து சேரவில்லை. வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் சரியாகத்தான் இருக்கும். அவற்றை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை. இழை எங்காவது கூர்மையாக மடிந்திருக்கிறதா, அலுமாரியின் பின்னால் நசுங்கியிருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்குள் ஒன்றும் இல்லையென்றால் பழுது வெளியே. சேவை நிலையத்துக்கு அழைத்து “எல்.ஓ.எஸ். சிவப்பு” என்ற இரண்டு சொல்லைச் சொன்னால், “அணைத்துப் போட்டீர்களா” என்ற கட்டத்தைச் சீக்கிரம் கடந்துவிடலாம். கழன்ற இழையின் முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்காதீர்கள். அதில் வரும் ஒளி கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு.

அந்தப் பெட்டியின் பெயர் ஓ.என்.ரி. வீடு வரை ஒளியிழை வரும் ஏற்பாடு எஃப்.ரி.ரி.எச். தெருவில் ஓர் இழையைப் பிரித்துப் பல வீடுகளுக்கு ஒளியைப் பகிரும் முறை ஜி.பி.ஓ.என். கீழிறங்கும் தரவு ஒரு அலைநீளத்திலும் மேலேறும் தரவு வேறொன்றிலும் போவதால் ஒரே இழையில் இரண்டும் மோதாமல் போகின்றன. பழைய செப்புக் கம்பி இணைப்பு ஏ.டி.எஸ்.எல்.; அதன் முதல் எழுத்துக்குச் சமச்சீரற்றது என்று பொருள், இறங்கும் வேகம் அதிகம், ஏறும் வேகம் குறைவு.

செப்பிலிருந்து ஒளியிழைக்கு மாறியவர்கள் ஒன்றை 2022இல்தான் கவனித்தார்கள். பழைய தொலைபேசிக்கு நிலையத்திலிருந்தே மின் வரும்; வீட்டில் மின்சாரம் போனாலும் அது பேசும். ஒளியிழையில் ஒளி வருமே தவிர மின் வராது. அந்த ஆண்டு மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது ஓ.என்.ரி.யோடு சேர்ந்து வீட்டுத் தொலைபேசியும் ஊமையானது.

லான், வான்?

லான் உங்கள் வீட்டுக்கு அல்லது கடைக்கு உட்பட்ட வலையமைப்பு. வான் அதற்கு வெளியே விரிந்தது. ரவுட்டரின் பின்னால் இரண்டு பெயரிலும் துளைகள் இருக்கும்; வெளியிலிருந்து வரும் கம்பியை வானிலும், கணினியை லானிலும் சொருக வேண்டும். கடையில் அச்சுப்பொறி வேலை செய்து, இணையம் மட்டும் இல்லையென்றால் லான் நலமாக இருக்கிறது, வானில்தான் கோளாறு.

வெளியே போகப் போக வானுக்கும் ஓர் எல்லையில் கடல் வந்துவிடுகிறது. சீ-மீ-வீ 5 என்ற கடலடிக் கேபிள் மாத்தறையில் கரையேறுகிறது. அந்தப் பெயரும் ஒரு சுருக்கம்தான்: தென்கிழக்கு ஆசியா, மத்திய கிழக்கு, மேற்கு ஐரோப்பா. சிங்கப்பூரிலிருந்து பிரான்ஸ் வரை சுமார் 20,000 கிலோமீற்றர் ஓடும் அந்தக் கேபிளில் தொலைவில் எங்கோ அறுந்தால், காலி வீதிக் கடையில் இணையம் தவழும். அப்போது உள்ளூர்த் தளங்கள் வேகமாகவும் வெளிநாட்டுத் தளங்கள் மந்தமாகவும் இருப்பதைக் கவனிக்கலாம்.

ரொறன்ரோவில் இருக்கும் மகனால் வீட்டுக் கமராவைப் பார்க்க முடியவில்லை. ஐ.பி. முகவரியைச் சரியாகத்தான் கொடுத்தோம்.

ஐ.பி. முகவரி என்பது வலையமைப்பில் ஒரு சாதனத்தைக் கண்டுபிடிக்க உதவும் எண். எந்த முகவரியைக் கொடுத்தீர்கள் என்பதில்தான் விடயம் இருக்கிறது. 192.168 என்று தொடங்கும் எண் உலகெங்கும் கோடிக்கணக்கான வீடுகளில் இருக்கிறது. 10 என்று தொடங்குவதும், 172.16 முதல் 172.31 வரை உள்ளவையும் அப்படியே. அவை வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும். ரொறன்ரோவில் அந்த எண்ணைத் தட்டினால், அது அந்த வீட்டுக்குள்ளேயே தேடும்.

இப்படி ஒதுக்கியதற்குக் காரணம் தட்டுப்பாடு. ஐ.பி.வி.4 முகவரி 32 பிட் நீளம். மொத்தம் 429 கோடியே 49 இலட்சத்துச் சொச்சம்தான் அமைக்க முடியும். உலகக் கையிருப்பு 2011 பெப்ரவரியில் தீர்ந்தது. இலங்கைக்கும் சேர்த்துப் பங்கிடும் ஆசிய பசிபிக் பதிவகம் அதே ஆண்டு ஏப்ரலில் பங்கீட்டு முறைக்கு வந்துவிட்டது. அதனால் ஒரு வீட்டின் எல்லாச் சாதனங்களும் ஒரே வெளி முகவரியைப் பகிர்கின்றன. அந்த வேலையைச் செய்வது என்.ஏ.ரி. தொடர்மாடி வாசலில் இருக்கும் காவலாளியைப் போல, உள்ளிருந்து போனவர் யார் என்று குறித்துவைத்து, பதில் வரும்போது சரியான கதவுக்கு அனுப்பும். யாரும் வெளியே போகாமல், முன்பின் தெரியாத ஒருவர் வந்து “உள்ளே விடு” என்றால் எந்தக் கதவு என்று அதற்குத் தெரியாது. மகனுடைய அழைப்பு நிற்பது அங்கேதான்.

ரவுட்டரில் ஒரு வழியைத் திறந்துவிட்டால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். எப்போதும் ஆகாது. இணைய வழங்குநரே தன் பக்கத்தில் இன்னொரு என்.ஏ.ரி. வைத்து, பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் நிறுத்தியிருக்கலாம். அதற்குச் சி.ஜி.என்.ஏ.ரி. என்று பெயர். கண்டுபிடிப்பது எளிது: ரவுட்டரின் வான் முகவரியையும், ‘என் ஐ.பி. என்ன’ என்று தேடினால் வரும் முகவரியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால், குறிப்பாக முதலாவது 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால், உங்கள் ரவுட்டரில் என்ன திறந்தாலும் பயனில்லை.

வழி மூன்று இருக்கிறது. வழங்குநரிடம் பணம் கட்டி நிலையான முகவரி வாங்கலாம். ஐ.பி.வி.6 கிடைத்தால் பயன்படுத்தலாம். அது 128 பிட், அங்கே பஞ்சம் இல்லை. அல்லது கமராவின் பதிவுப்பெட்டியான என்.வி.ஆர்.ஐத் தன் நிறுவனத்தின் செயலியோடு இணைக்கலாம். அப்போது பெட்டியே உள்ளிருந்து வெளியே போய்க் காத்திருக்கும், மகன் அங்கே வந்து சேர்ந்துகொள்வார். பெரும்பாலான வீடுகளுக்கு இந்த மூன்றாவதே போதும்.

எதைச் செய்தாலும் பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை மாற்றுங்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல், கடவுச்சொல் மாற்றப்படாத கமராக்களையும் ரவுட்டர்களையும் இலட்சக்கணக்கில் பிடித்து, அவற்றை ஒரே இலக்கை நோக்கி ஏவியது. அந்த வகைத் தாக்குதலின் பெயர் டி.டி.ஓ.எஸ். அந்த ஆண்டு ஒக்டோபரில் ருவிட்டர் உட்படப் பெரிய தளங்கள் பல மணி நேரம் திறக்காமல் போனதற்கு இந்தப் பாமரக் கமராக்களே காரணம்.

தொலைபேசி வைஃபையில் இணைகிறது, ஆனால் முகவரி 169.254 என்று தொடங்குகிறது. இணையம் இல்லை.

டி.எச்.சி.பி. பதில் சொல்லவில்லை. ஒவ்வொரு சாதனத்துக்கும் முகவரியைத் தவணை முறையில் வழங்குவது அதன் வேலை. பதில் கிடைக்காத சாதனம் தானாக 169.254 என்று ஒன்றைச் சூட்டிக்கொள்ளும். கடைகளில் டி.எச்.சி.பி. சார்ந்து நேரும் இன்னொரு கோளாறு, யாரோ பழைய ரவுட்டர் ஒன்றையும் கொண்டுவந்து சொருகிவிடுவது. அப்போது முகவரி வழங்குபவர் இரண்டு பேராகி, ஒருவர் கொடுத்ததை மற்றவர் குழப்புவார். இரண்டாவதில் டி.எச்.சி.பி.யை அணைத்துவிட்டால் தீர்ந்தது.

மாக் முகவரி அப்பிள் கணினிக்கு மட்டும் உள்ளதா?

இல்லை, பெயர் மட்டுமே ஒன்று. வலையமைப்பில் சேரும் ஒவ்வொரு சாதனத்துக்கும் உரிய அடையாள எண் அது, 48 பிட் நீளம். புதிய தொலைபேசிகள் வைஃபைக்கு வைஃபை பொய் மாக் முகவரி ஒன்றைக் காட்டும். ரவுட்டரில் மாக்கை வைத்துப் பிள்ளைகளின் தொலைபேசியைத் தடுத்தவர்கள், தடை ஏன் பலிக்கவில்லை என்று யோசிப்பது இதனால்தான்.

டி.என்.எஸ். என்றால் என்ன? ஏன் 8.8.8.8 போடச் சொல்கிறார்கள்?

தளத்தின் பெயரைக் கொடுத்தால் ஐ.பி. எண்ணைத் தேடித் தருவது டி.என்.எஸ். 1983இல் போல் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தார். அதற்கு முன் எல்லாப் பெயர்களும் ஒரே கோப்பில் எழுதிப் பிரதி எடுக்கப்பட்டு வந்தன. 8.8.8.8 கூகுளின் டி.என்.எஸ்., 1.1.1.1 கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தினுடையது. உலாவியில் 1.1.1.1 என்ற எண்ணை நேரே தட்டினால் பக்கம் திறக்கிறது, பெயர் தட்டினால் மட்டும் எதுவும் திறக்கவில்லை என்றால், இணைப்பு நலம், டி.என்.எஸ். நலமில்லை. அப்போது மாற்றுவதில் பொருள் உண்டு. இணைப்பே மெதுவாக இருக்கும்போது இதை மாற்றினால் வேகம் கூடும் என்பது வீண் நம்பிக்கை.

எல்.கே. என்பது இலங்கைக்கு உரிய மேல்நிலைப் பெயர். 2010 முதல் ‘.இலங்கை’ என்றே தமிழில் முடியும் முகவரிகளும் உண்டு. டி.என்.எஸ். பழையது, ஆங்கில எழுத்தும் எண்ணும் இடைக்கோடும்தான் அதற்குத் தெரியும். ஆகவே தமிழ்ப் பெயரை உலாவி உள்ளுக்குள் ஆங்கில எழுத்துக் கோவை ஒன்றாக மாற்றியே அனுப்புகிறது. தமிழ் முகவரியை நகலெடுத்து ஒட்டும்போது வினோதமான எழுத்துகள் தோன்றினால் பயப்பட வேண்டாம்.

எச்.ரி.ரி.பி.எஸ். இருந்தால் தளத்தை நம்பலாமா?

நம்பக் கூடாது. கடைசி எஸ். சொல்வது, உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவே யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதை மட்டுமே. அந்தத் தளத்தை நடத்துகிறவர் திருடராக இருந்தால், திருடரோடு இரகசியமாகப் பேசுகிறீர்கள், அவ்வளவுதான். பூட்டுப் படத்தைச் சான்றிதழாக மக்கள் எடுத்துக்கொள்வதால் குரோம் உலாவி 2023இல் அதையே எடுத்துவிட்டது. வங்கித் தளத்தின் பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

எல்லாத் தளங்களும் ஒரே நேரத்தில் ‘பாதுகாப்பற்றது’ என்று வந்தால் கணினியின் திகதியைப் பாருங்கள். ஒவ்வொரு தளத்தின் சான்றிதழுக்கும் காலவரை உண்டு. கடிகாரத்தை ஓடவைக்கும் சீமொஸ் பற்றரி தீர்ந்த பழைய கணினி ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் பல ஆண்டு பின்னே போய் நிற்கும். சான்றிதழ் எதுவும் அதற்குச் செல்லாது. சி.ஆர்.2032 என்ற நாணய அளவுப் பற்றரியை மாற்றினால் சரியாகிவிடும்.

வீ.பி.என். போட்டால் யாரும் பார்க்க முடியாதா?

பார்ப்பவர் மாறுகிறார். வீ.பி.என். உங்கள் தரவை மறைகுறியாக்கி வேறொரு கணினி வரை கொண்டுபோய், அங்கிருந்து வெளியே விடும். நடுவிலுள்ள இணைய வழங்குநருக்கு நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்று தெரியாது, வீ.பி.என். நடத்துகிறவருக்குத் தெரியும். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி அரசு சமூக ஊடகங்களை முடக்கியபோது நாட்டில் பாதிப்பேர் அன்றே இந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டார்கள். முடக்கம் ஒரு நாள்கூட நீடிக்கவில்லை. ஆனால் அன்று அவசரத்தில் இறக்கிய இலவச வீ.பி.என். செயலிகள் பல தொலைபேசிகளில் இன்னும் இருக்கின்றன. இலவசமாக நடத்துகிறவர் எதை விற்றுப் பிழைக்கிறார் என்று யோசித்து, அவற்றை நீக்கிவிடுங்கள்.

மின்னஞ்சல் அமைக்கும்போது பொப், ஐமாப் என்று கேட்கிறதே?

ஐமாப்பைத் தேர்ந்தெடுங்கள், அஞ்சல் வழங்கியிலேயே (அஞ்சல் நிறுவனத்தின் கணினியிலேயே) இருக்கும். பொப் அஞ்சலை ஒரு கணினிக்கு இறக்கிவிட்டு வழங்கியிலிருந்து அழித்துவிடக்கூடும். அந்தக் கணினி போனால் அஞ்சலும் போயிற்று. எஸ்.எம்.ரி.பி. அனுப்புவதற்கு உரியது, அதையும் நிரப்ப வேண்டும்.

தமிழில் அனுப்பும் எஸ்.எம்.எஸ். ஏன் சீக்கிரம் இரண்டாக உடைகிறது?

எஸ்.எம்.எஸ். ஒன்றுக்கு 140 பைட்தான் இடம். ஆங்கில எழுத்தை ஏழு பிட்டில் அடக்கலாம். 160 எழுத்து நுழையும். தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் 16 பிட் வேண்டும். 70 குறிதான் நுழையும். அதுவும் 70 எழுத்து அல்ல, 70 குறி. ‘கொழும்பு’ என்பதில் நமக்கு நான்கு எழுத்து. கணினிக்கு எட்டுக் குறி: மெய்க்கும் உயிர்க்குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனி எண். கல்யாண அழைப்பைத் தமிழில் முந்நூறு பேருக்கு எஸ்.எம்.எஸ்.ஸில் அனுப்புகிறவர் கட்டணத்தை இந்தக் கணக்கில் போட வேண்டும். ஆங்கிலச் செய்தியில் ஒரே ஒரு தமிழ் எழுத்தைச் சேர்த்தாலும் முழுச் செய்தியும் 70 கணக்குக்கு மாறிவிடும்.

இதன் வேர், எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் அஸ்கி என்ற தரத்தில் இருக்கிறது. 1963இல் வந்த அந்தத் தரத்தில் 128 இடங்கள்தான். ஆங்கிலத்துக்கு அப்பால் எதையும் அது நினைக்கவில்லை. ஆகவே தமிழர்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்த எழுத்துருக்களைக் கொண்டு சமாளித்தோம். இலங்கையில் பாமினி அப்படித்தான் வேரூன்றியது. பாமினியில் அடித்த கடிதம் கண்ணுக்குத் தமிழ், கோப்புக்குள் ஆங்கிலம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் குப்பையாகத் தெரியும், கூகுளில் தேடினாலும் அகப்படாது. பல மொழி எழுத்துகளுக்கும் எண் வகுக்கும் யூனிகோட்டில் தமிழுக்கு 1991இலிருந்தே தனி இடம் உண்டு. அந்த எண்களைக் கோப்பில் எழுதும் முறைக்கு யூ.ரி.எஃப்.-8 என்று பெயர். அதில் தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட், ‘கொழும்பு’வுக்கு 24. இன்றும் சங்கங்களும் அச்சகங்களும் பாமினிக் கோப்புகளைச் சேர்த்துவைத்திருக்கின்றன. அவற்றை மாற்றி அனுப்ப நேரமில்லை என்றால் பி.டி.எஃப்.ஆக்கி அனுப்புங்கள், எழுத்துரு அதற்குள்ளேயே பதிந்து போகும். அச்சிடலாம், ஆனால் தேட முடியாது என்பது நினைவிருக்கட்டும்.

யூ.எஸ்.பி.-சி கம்பி எல்லாம் ஒன்றுதானே?

முனையின் வடிவம் ஒன்று, உள்ளே இருப்பது பல. சில கம்பி மின்னேற்ற மட்டும் உதவும், சில திரைக்குப் படத்தையும் கொண்டுபோகும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் மலிவாக வாங்கிய கம்பியில் மடிக்கணினி ஏறவில்லை என்றால் சொக்கெட்டைக் குறை சொல்வதற்கு முன் வேறு கம்பியைப் போட்டுப் பாருங்கள்.

650 வி.ஏ. யூ.பி.எஸ். என்றால் 650 வாற்றுத் தாங்குமா?

தாங்காது. வி.ஏ. தோற்ற வலு, பயன்படும் வாற்று அதில் ஏறத்தாழ அறுபது வீதம், 650க்கு 390 வரை. பெட்டியின் பின்புறத்தில் வாற்றும் எழுதியிருக்கும், அதைப் பாருங்கள். லேசர் அச்சுப்பொறியை யூ.பி.எஸ்.ஸின் பற்றரித் துளையில் சொருகாதீர்கள். சூடேறும் அந்த நொடியில் அது இழுக்கும் மின்னுக்குச் சிறிய பெட்டி ஈடுகொடுக்காது. ஓ.என்.ரி.யையும் ரவுட்டரையும் சொருகுங்கள், அவை மிகக் கொஞ்சமே எடுக்கும்.

ஓ.ரி.பி.யை வங்கியிலிருந்து பேசுகிறவரிடம் சொல்லலாமா?

யாரிடமும் சொல்லக் கூடாது. ஒரு தடவை மட்டும் செல்லும் அந்த எண்ணை வங்கி ஊழியர் கேட்கவே மாட்டார். கேட்கிறவர் வங்கி ஊழியர் அல்ல. நல்ல தமிழில், உங்கள் பெயரைச் சொல்லி, “அம்மா” என்று மரியாதையாகப் பேசினாலும் இதே விடைதான்.

ஐ.எம்.இ.ஐ. எண்ணை எங்கே பார்ப்பது?

ஐ.எம்.இ.ஐ. என்பது கைத்தொலைபேசியின் அடையாள எண். *#06# என்று அழுத்துங்கள். 15 இலக்கம் வரும். இரண்டு சிம் இடமுள்ள தொலைபேசி என்றால் இரண்டு எண் வரும். வாங்குவதற்கு முன்பே ஐ.எம்.இ.ஐ. என்று ஆங்கிலத்தில் எழுதி, இடம் விட்டு அந்த எண்ணையும் எழுதி, 1909க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் அது இருக்கிறதா என்று தெரியும். பழைய தொலைபேசி வாங்குகிறவர் பணத்தைக் கொடுப்பதற்கு முன் இதைச் செய்ய வேண்டும். எண்ணைப் பற்றுச்சீட்டிலும் எழுதி வாங்குங்கள். தொலைபேசி களவு போனபின் பொலிஸ் முறைப்பாட்டுக்கு அந்த எண் வேண்டும். அப்போது *#06# அழுத்தத் தொலைபேசி கையில் இராது.